அவள் விழுங்கிய மாத்திரை

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் கடிதம். ஆடைத் தொழிற்சாலையில் துணி மேல் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் போட்டு எனக்கு எழுத்தும் கோடு மாதிரியே வருகிறது. பொறுத்துக்கொண்டு படி.

நீ பம்பரம் என்று கூப்பிடுகிற என் மகளுக்கு ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஐந்து வாரம். தழும்பு சட்டைக் காலருக்குள் மறைந்துவிடுகிறது. தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்தாயிற்று. இனி ஆயுள் முழுக்கக் காலையில் ஒரு மாத்திரை, அதுதான் சுரப்பிக்குப் பதில் என்றார்கள். பத்து வயதில் ஆயுள் முழுக்க என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, "அப்ப கல்யாணத்தன்னிக்கும் முழுங்கணுமா?" என்று கேட்டாள். வார்டே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீ வரவில்லை. சக்கரப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும் வரை, பெரியம்மா வருவாள் என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மாமனார், அந்த மூச்சிரைப்போடு, லிஃப்ட் ஓடாத ஆஸ்பத்திரியில் மூன்று மாடி ஏறி வந்தார். நீ மட்டும், லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அடங்கிவிட்டாய்.

நோயைக் கண்டுபிடித்ததே நீதான். போன கோடை விடுமுறையில் உன் வீட்டுக்கு வந்தபோது, இவள் கழுத்து ஏன் தடித்திருக்கிறது, நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது என்று கேட்டாய். உன் லேபுக்கே கூட்டிப்போய் ரத்தம் எடுத்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய். அந்தத் தாளை நம்பித்தான் இங்கே டாக்டர் வைத்தியத்தை ஆரம்பித்தார். ஏழு மாதம் சுரப்பியை அடக்கும் மாத்திரை கொடுத்தார். வீக்கம் அடங்குவதற்குப் பதில் பெருத்தது. எடுத்துவிடலாம் என்றார். ஒவ்வொரு படியிலும் உன்னைக் கேட்டுத்தான் செய்தேன். ஆபரேஷன் தேதியைச் சொன்ன நாளிலிருந்துதான் நீ ஊமையாகிவிட்டாய்.

என் மேல் கோபமா? இருந்தால் திட்டித் தொலை. இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இருக்காதே.

தங்கை


பிப்ரவரி 14

சின்னவளே,

உன் மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? நீ திட்டியது அத்தனையும் நியாயம். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை என்று எழுதி, அதை அடித்துவிட்டேன். கேட்கவில்லை. அது நிஜம்.

போனில் பேசாததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பாய். நான் ஹலோ சொல்வதை வைத்தே எனக்குத் தலைவலியா, வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவாய் நீ. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுதுவதற்கு முன் யோசிக்கலாம், எழுதியதைக் கிழிக்கலாம். இதற்கு முன் இரண்டு கிழித்தாயிற்று.

அவளைப் பற்றி எழுது. எத்தனை மணி நேரம் தூங்குகிறாள்? குளிர்கிறது என்கிறாளா? முகம் உப்பியிருக்கிறதா? உட்கார்ந்திருக்கும்போது நாடித் துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார். அவசரப்பட்டுக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதே. மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் கொடு. அரை மணி நேரத்துக்குப் பால் கூடாது. அடுத்த ரத்தப் பரிசோதனை முடிந்ததும் ரிப்போர்ட்டை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. எல்லா எண்ணும் வேண்டும். நன்றாக இருக்கிறதாம் என்று மட்டும் எழுதாதே.

அவளுக்கு என் மேல் கோபம்தானே? லேபில் அன்றைக்கு அவளுடைய நரம்பு பிடிபடாமல் மூன்று இடத்தில் குத்தினேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே குத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணு பெரியம்மா" என்றாள். பண்ணினேன். வாக்குக் கொடுத்தால் நான் எப்படியாவது காப்பாற்றிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். சில சமயம் அது நல்ல குணம் இல்லை.

அக்கா


மார்ச் 22

அக்கா,

நீ கேட்ட எண் இதோ. டி-ஃபோர், அதாவது ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன், ஒன்பது. டாக்டர் அதற்குத் தலையாட்டினார். அடுத்த வரியைப் பார்த்ததும் முகம் மாறியது. டி.எஸ்.எச்., அதாவது ஹார்மோன் வேண்டும் என்று மூளை அனுப்பும் உத்தரவு, எண்பத்து நாலு. நாலுக்கு மேல் போகக் கூடாதாமே.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரத்தத்துல ஹார்மோன் இருக்கு, ஆனா மூளை பத்தல பத்தலன்னு கத்துது. இதுக்கு ஒரே அர்த்தம்தாம்மா. மாசம் பூரா மாத்திரையைத் துப்பிடறா. டெஸ்டுக்கு நாலு நாள் முன்னாடி பயந்துக்கிட்டு ஒழுங்கா முழுங்கறா. இந்த வயசுல நிறையப் பேர் இப்படித்தான். நீங்க வேலைக்குப் போயிடறீங்க, யாரு பாக்கறா?"

கடைசி வரிதான் என்னைச் சுட்டது. வெளியே வரிசையில் இருந்த ஆறு பேரும் கேட்டார்கள். "நான் தினமும் முழுங்கறேன்மா" என்று அவள் பேருந்தில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து மெத்தையைப் புரட்டினேன். பென்சில் டப்பா, ஷூ, ஜன்னல் இடுக்கு எல்லாம் தேடினேன். அலமாரிக்கு அடியில் தூசியோடு ஒரு மாத்திரை கிடைத்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "அது கை தவறி விழுந்தது, நீதானே அன்னிக்கு வேற ஒண்ணு குடுத்த" என்கிறாள். எனக்கு அப்படி ஒரு நாள் ஞாபகமே இல்லை.

அன்றிலிருந்து மாத்திரையை நானே வாயில் போடுகிறேன். தண்ணீர் குடித்ததும் வாயைத் திறக்கச் சொல்கிறேன். நாக்கைத் தூக்கச் சொல்கிறேன். கன்னத்தின் உள்பக்கம் விரல் விட்டுப் பார்க்கிறேன். தொழிற்சாலை வாசலில் எங்களைச் சோதனை போடும் காவலாளியை வாய்க்கு வந்தபடி திட்டுவேனே, இப்போது வீட்டில் நான்தான் அந்த ஆள்.

தூக்கம் கேட்டாய். பதிமூன்று மணி நேரம் தூங்குகிறாள். வகுப்பிலும் தூங்குகிறாளாம், டீச்சர் எழுதி அனுப்பியிருக்கிறாள். முகம் உப்பித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் ஓர் இடத்தில் உட்காராது, வாய் ஓயாது. இப்போது ஒரு படி ஏறினால் அடுத்த படிக்கு யோசிக்கிறது. நாடி எண்ணவில்லை. எனக்கு நேரமில்லை.

தங்கை


ஏப்ரல் 2

சின்னவளே,

முதலில் ஒன்று. அவளை அடிக்காதே. நீ அடித்ததாக எழுதவில்லை. ஆனால் உன் கையெழுத்து கடைசிப் பக்கத்தில் காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

அவள் விழுங்குகிறாள் என்றே நான் நினைக்கிறேன். டாக்டர் சொன்னது தவிர இன்னொரு அர்த்தமும் அந்த எண்களுக்கு உண்டு. அரிதானது, அவருக்கு நினைவுக்கு வராமல் போயிருக்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படி.

ஹார்மோன் ரத்தத்தில் சும்மா ஓடிக்கொண்டிருப்பதால் ஒன்றும் நடக்காது. அது செல்லுக்குள் போக வேண்டும். உள்ளே ரிசெப்டர் என்று ஒரு புரதம் இருக்கிறது, அதோடு சேர வேண்டும். உன் மாமனார் மூச்சிரைப்புக்குச் சாப்பிடுகிற ஸ்டீராய்டும் இதே வகைதான். அதன் ரிசெப்டர் செல்லின் முன்கூடத்தில் காத்திருக்கும். ஸ்டீராய்டு வந்ததும் அதைக் கூட்டிக்கொண்டு மரபணுக்கள் இருக்கும் உள்ளறைக்குப் போகும். தைராய்டின் ரிசெப்டர் அப்படிக் காத்திருப்பதில்லை. எப்போதும் உள்ளறையிலேயே, மரபணுவின் மேலேயே உட்கார்ந்து, பலவற்றை வேலை செய்யவிடாமல் அமுக்கிப் பிடித்திருக்கும். ஹார்மோன் வந்து சேர்ந்தால்தான் கையை எடுக்கும். அதற்குப் பிறகுதான் அந்த மரபணு வேலையைத் தொடங்கும். உடம்புச் சூடு, வளர்ச்சி, விழிப்பு எல்லாம் அங்கிருந்து வருகிறவை. இதனால்தான் இந்த மருந்துகள் போட்ட உடனே வேலை செய்வதில்லை. உத்தரவு போய்ச் சேர்ந்து, சரக்கு தயாராகி வர நாளாகும்.

சில குடும்பங்களில் அந்த ரிசெப்டரே கோளாறாகப் பிறந்துவிடுகிறது. ஹார்மோன் வந்து நின்றாலும் அது சுலபத்தில் கையை எடுக்காது. ரத்தத்தைப் பார்த்தால் அளவு சரி. செல்லுக்குள்ளே பஞ்சம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுவும் பத்தவில்லை என்றே நினைத்துக்கொண்டு இன்னும் போடு, இன்னும் போடு என்று கூப்பாடு போடும். அந்தக் கூப்பாடுதான் டி.எஸ்.எச். மாத்திரையைத் துப்பாத பிள்ளைக்கும் எண்பத்து நாலு வரலாம்.

டாக்டரிடம் இதைச் சொல். முதல் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக யோசிக்கச் சொல். முதல் ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம் என்று சொல்.

ஏன் என்று கேட்காதே. எனக்காக இது ஒன்றைச் செய்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

உன் பாடத்தைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. முழுதும் கேட்டார். ரிசெப்டர் என்றதும் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். அப்புறம் ஃபைலைத் திறந்து உன் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "உங்க அக்கா சொல்ற நோய் இருக்குதும்மா. ஆனா அதுல ஹார்மோன் எவ்வளவு ஏறினாலும் டி.எஸ்.எச். இறங்காது. இங்க பாருங்க, டி-ஃபோர் பத்தொன்பது, டி.எஸ்.எச். கிட்டத்தட்ட பூஜ்ஜியம். மூளை சரியாத்தான் கேட்டிருக்கு, கூப்பாட்டை நிறுத்தியிருக்கு. ரிசெப்டர் கோளாறுன்னா இந்த எண் வரவே வராது. கீழ கையெழுத்து யாருது பாருங்க" என்றார்.

உன்னுடையது. உன் தாளே உன்னைப் பொய்யாக்கியது. நான் அங்கே வெட்கப்பட்டு நின்றேன். ஆக அவள்தான் பொய் சொல்கிறாள், நீ பாசத்தில் அவளுக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். "அம்மா திட்ட மாட்டேன், நிஜத்தைச் சொல்லு, இத்தனை நாள் எங்க துப்பின?" என்றேன். "முழுங்கறேன்மா" என்றாள். மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னாள். மூன்றாவது தடவையும் அதே வார்த்தை, அதே குரல். அறைந்துவிட்டேன். என் மோதிரம் அவள் உதட்டைக் கிழித்தது. இரண்டு தையல். பள்ளிக்கூடத்தில் படிக்கட்டில் விழுந்துவிட்டதாக அவளே சொல்லிக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு, முழுங்கறேன் என்று சொல்வதையும் விட்டுவிட்டாள்.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். நீ இனிமேல் ரிசெப்டர், மரபணு என்று எழுதாதே. உனக்குப் பிள்ளை இல்லை. பாடம் நடத்துவது சுலபம்.

தங்கை


ஏப்ரல் 15

தங்கைக்கு,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இதோடு என் கையெழுத்தும் தேதியும் போட்ட இன்னொரு தாள் இருக்கிறது. அது டாக்டருக்கு. உனக்கு எழுதுவது இது.

அவள் விழுங்கினாள். ஒவ்வொரு நாளும் விழுங்கினாள். பொய் சொன்னது நான்.

போன மே மாதம் அவள் ரத்தத்தை மெஷினில் வைத்தேன். டி-ஃபோர் பத்தொன்பது வந்தது. டி.எஸ்.எச். மூன்று புள்ளி நாலு வந்தது. அதாவது சாதாரணமாக இருக்கிறவர்களுக்கு வருகிற அளவு. இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து வரக் கூடாது. ஹார்மோன் அவ்வளவு ஏறியிருந்தால் கூப்பாடு அடங்கியிருக்க வேண்டும். எண்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டால் ரிப்போர்ட் கொடுக்காதே, புதிதாக ரத்தம் எடு. எங்கள் லேபின் சட்டம் அது. புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் நான்தான் அதைச் சொல்லித்தருகிறேன்.

நீயும் அவளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையசைத்தாள். மறுபடி கூப்பிட்டு நாலாவது தடவை குத்த எனக்கு மனம் வரவில்லை. கழுத்து வீக்கம், படபடப்பு, மெலிந்த உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கால். வியாதி கண்ணெதிரே தெரிகிறதே, இந்த ஓர் எண்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். டி.எஸ்.எச். எவ்வளவு இருக்க வேண்டுமோ அதை நானே எழுதினேன். 0.01. பிள்ளைக்கு ஒரு குத்து மிச்சம் என்று சந்தோஷம்தான் பட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் வேறு யாருக்கும் நான் அப்படிச் செய்ததில்லை. வேறு யார் பிள்ளையாக இருந்தாலும் மறுபடி குத்தியிருப்பேன்.

மாத்திரை கொடுத்தும் வீக்கம் பெருக்கிறது என்று நீ சொன்னபோது முதல் தடவை அந்த எண் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் தேதி சொன்ன அன்று மெஷினின் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். மூன்று புள்ளி நாலு அப்படியே இருந்தது. அப்போது பதினோரு நாள் இருந்தது. ஒரு போன் போதும். நான் செய்யவில்லை. வேலை போகும், உன் முகத்தில் முழிக்க முடியாது, ஒருவேளை அந்த எண் நிஜமாகவே தப்பாக இருக்கலாம் என்று பதினோரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கழுத்தை அறுத்தது சர்ஜன் இல்லை.

எண்பத்து நாலு என்று நீ எழுதிய கடிதம் வந்ததும் என் கையில் நானே குத்தி ரத்தம் எடுத்து வைத்தேன். டி-ஃபோர் பதினேழு. டி.எஸ்.எச். இரண்டு புள்ளி ஒன்பது. அதே சண்டை. எனக்கு ஐம்பது வயதாகிறது, ஒரு நாள் படுத்ததில்லை. அம்மாவின் தடித்த கழுத்து ஞாபகம் இருக்கிறதா? படத்தில் எப்போதும் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருப்பாள். நம் வீட்டுப் பெண்களுக்குக் காலில் சக்கரம் என்று அப்பா கிண்டல் பண்ணுவாரே, அது குணம் இல்லையடி. நம் எல்லோருக்கும் அந்த ரிசெப்டர் இப்படித்தான் இருக்கிறது. உன் வழியாகத்தான் அவளுக்கு வந்திருக்க வேண்டும். உன் ரத்தத்தையும் பார்க்கச் சொல்.

இன்னும் ஒன்று. நீ வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்கிறேன். இந்தக் கோளாறு உள்ள உடம்பு தானே வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. சுரப்பி வீங்கி, ஹார்மோனை அதிகமாகச் சுரந்து, ரிசெப்டர் கையை எடுக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அவள் கழுத்தில் இருந்த வீக்கம் நோய் இல்லை. அதுதான் மருந்தாக இருந்தது. அதைத்தான் எடுத்தோம். இனி அந்த அளவை வெளியிலிருந்து மாத்திரையாகக் கொடுக்க வேண்டும், சாதாரணப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு. ஆனால் இதயத்தில் இருக்கிற ரிசெப்டர் வேறு வகை, அது நன்றாகவே வேலை செய்யும். ஈரலுக்கும் மூளைக்கும் போதுமான அளவைக் கொடுத்தால் இதயம் தறிகெட்டு ஓடும். இதயத்துக்குப் பார்த்தால் மற்றது தூங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தை டாக்டர்கள் ஆயுள் முழுக்கத் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

மூன்று வாரமாக அந்தப் பிள்ளை நிஜத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது நிஜம் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நீ அறைந்ததும் என் கணக்கில்தான் சேரும்.

இன்றைக்கே டாக்டரிடம் போ. என்னை அப்புறம் திட்டலாம்.

அக்கா


மே 8

தங்கைக்கு,

பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை உன் கையெழுத்தோடு வந்தது. வாங்கிவிட்டாய் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

லேபில் பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "இவ்வளவு நாள் கழிச்சு ஏம்மா தோண்டறீங்க, லேப் பேர் என்ன ஆகும்?" என்றார். மெஷினின் பதிவையும் என் தாளின் நகலையும் மேஜை மேல் வைத்தேன். அன்று மத்தியானமே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அது நடக்க வேண்டியது, நடந்தது.

என்னை மன்னிக்க வேண்டாம். கேட்கவும் மாட்டேன். மருந்தை ஏற்றினார்களா, நாடி எவ்வளவு, இப்போது என்ன எண் வருகிறது என்று மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் போடு. கையெழுத்துகூட வேண்டாம். அவள் எழுந்து நடமாடுகிறாளா என்று தெரியாமல் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வரட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை. வரச் சொன்னால் வருவேன்.

அக்கா


ஜூன் 12

அக்கா,

நீ டாக்டருக்கு எழுதிய தாளை நான் கொடுத்த அன்று அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவளைப் பார்த்து, "உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்மா" என்றார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், பத்து வயதுப் பிள்ளையிடம். அவள் என் முகத்தைப் பார்த்தாள், என்ன சொல்வது என்று.

எங்கள் மூன்று பேர் ரத்தத்தையும் எடுத்தார்கள். மரபணு சோதனைக்கு வெளியே அனுப்பினார்கள். எனக்கும் இருக்கிறது, அவளுக்கும் இருக்கிறது, அவள் அப்பாவுக்கு இல்லை. நீ சொன்னபடியேதான். உன் எண்கள் இப்போதெல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.

மாத்திரையை மூன்று தடவை ஏற்றிவிட்டார்கள். எண்பத்து நாலு இருபத்தொன்றாக இறங்கியிருக்கிறது. ஒன்பது மணி நேரம் தூங்குகிறாள். படி ஏறுகிறாள். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நூற்றுப் பதினெட்டு. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன். இதயத்துக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதைவிட ஏற்ற முடியாது என்கிறார் டாக்டர். பள்ளியில் அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும்.

அம்மா அந்தக் கழுத்தோடு எழுபத்திரண்டு வயது வரை இருந்தாள். நான் இதே ரிசெப்டரை வைத்துக்கொண்டு பத்து மணி நேரம் நின்று துணி வெட்டுகிறேன். யாரும் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் இவளும் அப்படி ஓடிக்கொண்டிருப்பாள். வேலைக்கு நடுவில் இது ஞாபகம் வந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிடுகிறேன். கையில் வைத்திருக்கப் பயமாக இருக்கிறது.

உன்னை மன்னிக்கவில்லை. அவள் அப்பா உன் பேரை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். இப்போதைக்கு வராதே. பெரியம்மா வரட்டுமா என்று அவளைக் கேட்டேன். "உன் இஷ்டம்மா" என்றாள். எதைக் கேட்டாலும் இப்போது அதுதான் பதில். எந்தச் சட்டை வேண்டும் என்றாலும் உன் இஷ்டம்மா, பசிக்கிறதா என்றாலும் உன் இஷ்டம்மா. முன்பு ஒரு ரிப்பனுக்கு அரை நாள் சண்டை போடுவாளே, அந்தப் பிள்ளை.

நீ எழுதினாயே, நான் அறைந்ததும் உன் கணக்கில் சேரும் என்று. சேராது. அதை நீ எடுத்துக்கொள்ள நான் விடமாட்டேன். நீ ஒரு காகிதத்தில் பொய் எழுதினாய். எனக்கு முன்னால் என் பிள்ளை உயிரோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தை நம்பினேன்.

போன ஞாயிறு அவளை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதியதை, நான் நம்பியதை, எல்லாவற்றையும். "நீ முழுங்கினது நிஜம்டி. அம்மாதான் தப்பு பண்ணிட்டேன்" என்றேன். "சரிம்மா" என்றாள். அழுவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாங்க முடியாமல் நானே கேட்டேன். "அவ்வளவு உறுதியா தெரியுமில்ல உனக்கு, அப்புறம் ஏண்டி கடைசில சொல்றதையே விட்டுட்ட?"

உதட்டுத் தையல் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க எல்லாரும் சொல்லவும், நான்தான் முழுங்காம இருக்கேனோன்னு எனக்கே தோணிடுச்சும்மா."

தங்கை